ஒரே கோட்டில் கோலம் வேணுமா? பொ.கா.பெ. பாருங்கள்

உப்புவெளியிலிருந்து ஒரு அம்மா மகளின் கலியாணக் கார்ட் அடிக்க வந்தார். "தம்பி, முன்பக்கத்தில் கம்பிக் கோலம் வேணும். கோடு எங்கேயும் அறக்கூடாது, ஒரே கோடாப் போகோணும்" என்றார். சரியென்று 8க்கு 12 புள்ளி வைத்து, கோலம் கீறும் கணினி நிரலை ஓடவிட்டேன். வடிவாகத்தான் வந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் விரலால் கோட்டைப் பிடித்துப் போனார். போன விரல் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது. முக்கால்வாசிக் கோலம் மிச்சம்! "இது நாலு கோடு, தம்பி."

நிரலில் பிழையில்லை, எண்ணில்தான் பிழை. செவ்வகமாகப் புள்ளி வைத்து, கோடு புள்ளிகளுக்கு நடுவே சரிவாகப் போய், கரம் போட்டில் காய் பட்டுத் திரும்புவது போல ஓரத்தில் திரும்பினால், எத்தனை தனிக் கோடு வரும் என்பதை இரண்டு பக்க எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியது (பொ.கா.பெ.), அதாவது இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண், சொல்லிவிடும். 8, 12க்கு அது 4. நான் 8ஐ 7 ஆக்கினேன், அவ்வளவுதான். ஒரே கோடு. சோதினைக்குப் பாடமாக்கி மறந்த பொ.கா.பெ. இத்தனை வருசம் கழித்துக் கடைக்கு வந்து சம்பளம் வாங்கித் தந்தது. (நடுவில் ஒரு சந்தியை வெட்டி வளைத்தால் இந்தக் கணக்கு மாறும். வைர வடிவப் புள்ளிக்கும் இது பொருந்தாது.)

என் சொந்தப் பிழை வேறொன்று. நிலாவெளியில் ஒரு விடுதிக்கு அலைப்படம் செய்தேன். அலைபோல ஏறி இறங்கும் நூறு சைன் கோடுகள், ஒவ்வொன்றின் உயரத்திலும் கொஞ்சம் எழுமாற்று (random). பிடித்துவிட்டது, சுவர் அளவுக்குக் கேட்டார்கள். என்னிடம் இருந்ததோ 1080 பிக்சல் அகலப் படம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சடித்தால் 3.6 அங்குலம்தான்! திரும்ப ஓடவிட்டால் வேறு கடல் வருகிறது. கணினியின் எழுமாற்று எண்கள் உண்மையில் ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்காகப் பிறப்பவை. அந்த எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை, அதே படம், எந்த அளவிலும். நான் அதைக் குறித்து வைக்கவில்லை. இப்போது அந்த எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுதுகிறேன். அச்சுக்கு, எவ்வளவு பெருப்பித்தாலும் கோடு உடையாத எஸ்விஜி கோப்பாகவே கொடுக்கிறேன். படத்தை மட்டும் சேமிப்பவர்களுக்குச் சொல்கிறேன், நிரலைச் சேமியுங்கள்.

"படம் கீறுறதுக்கு ஏன் சேர் கணக்கு?" என்று என்னிடம் பழக வரும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளைக்கு லப்டொப் வாங்கித் தர வேண்டுமோ என்ற பயமும் அதற்குள் இருக்கிறது. வேண்டாம். 2001இல் கேசி ரியாஸும் பென் ஃபிரையும் தொடங்கிய, நிரல் எழுதிப் படம் கீறும் மென்பொருளான புரொசெசிங் இலவசம். அதன் வழிவந்த பி5.ஜேஎஸ் போன் பிரவுசரிலேயே ஓடும். போனும் இல்லையென்றால்? பாரிஸில் ஓவியர் வேரா மோல்னார் 1968இல்தான் கணினியைத் தொட்டார். அதற்கு முன் பல வருசம் விதியை எழுதி வைத்து, மனதில் ஒரு இயந்திரம் இருப்பதாக நினைத்துக் கையாலேயே கீறினார்.

கட்டக் கொப்பி ஒன்று போதும். 3க்கு 5 புள்ளி வைத்து, பென்சிலை எடுக்காமல் முடிகிறதா என்று பாருங்கள். அப்புறம் 4க்கு 6. அதற்கு இரண்டு நிறப் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.