‘ஓம் சேர்’ என்றால் எல்லாம் சரியா?

யாழ்ப்பாணத்துக் கந்தோர்கள் பலவற்றில் கூட்டம் கெதியாக முடிந்துவிடும். பெரியவர் கதைப்பார், மற்றவர்கள் ‘ஓம் சேர்’ என்பார்கள், தேத்தண்ணி வரும். “எங்கட ஆக்களுக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்லை” என்று முகாமையாளர் பெருமையாகச் சொல்லுவார். பயிற்சி கொடுக்கப் போகும் எனக்கு அந்த இடத்தில்தான் சந்தேகம் வரும்.

மொத்த வியாபார நிறுவனம் ஒன்றில் பிஸ்கட் பெட்டிகள் காலாவதியாகி நல்ல நட்டம். திகதி நெருங்குவது களஞ்சியம் பார்க்கும் தம்பிக்கு முன்பே தெரியும். ஏன் சொல்லவில்லை? முந்தி ஒருதரம் இப்படி ஒரு குறையைச் சொல்லப் போனவரை, “இதைப் பார்க்கத்தானே உமக்குச் சம்பளம்?” என்று எல்லோருக்கும் முன்னால் முதலாளி பாய்ந்திருக்கிறார். அதோடு தம்பி வாயை மூடிவிட்டார். முதலாளி கெட்டவர் இல்லை. அன்று வங்கியில் கடன் அலுவலாக அலைந்து, நொந்துபோய் வந்தவர். வங்கியில் வந்த கோபம் களஞ்சியத்தில் இறங்கியது.

தன் கோபம் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடுவதுதான் உணர்வுசார் நுண்ணறிவின் தொடக்கம். உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜோன் மேயரும் 1990 இல் எழுதியதும் இதைத்தான்: தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனித்து, பிரித்தறிந்து, அதைக்கொண்டு யோசித்து நடப்பது. எப்போதும் சிரித்த முகத்தோடு திரிவது இல்லை. (அப்படிச் சொல்லிச் சான்றிதழ் விற்பவர்கள் இருக்கிறார்கள், கவனம்.)

அமெரிக்க மருத்துவமனைகளில் ஏமி எட்மன்சன் என்ற ஆய்வாளர் ஓர் ஆய்வு செய்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். ஆனால் கூடுதலான தவறுகள் பதிவானது அங்கேதான். அந்தக் குழுக்களில் தவறை ஒளிக்காமல் சொல்லக்கூடியதாக இருந்ததுதான் காரணம் என்பது பிறகு விளங்கியது. பயமில்லாமல் வாய்திறக்கலாம் என்ற இந்த நம்பிக்கையை 1999 இல் ‘உளவியல் பாதுகாப்பு’ என்று விரித்து எழுதினார். பிழையே பதியாத பதிவேட்டை இனிக் கொஞ்சம் ஐமிச்சத்தோடு பாருங்கள்.

முதலாளிமாருக்கு நான் சொல்வது ஒன்றுதான். கெட்ட செய்தி வந்ததும் “ஆர் செய்தது?” என்று கேட்காதீர்கள். “இப்ப என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். ஆர் என்பதை அடுத்த நாள், தனியே, கதவைச் சாத்திவிட்டு விசாரிக்கலாம். விசாரிக்கத்தான் வேண்டும், பிழையைக் கண்டும் விடுவது தலைமை இல்லை.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. முகாமையாளருக்கு இருபத்தெட்டு வயது, கணக்கெழுதும் அண்ணைக்கு ஐம்பது. பிழை சொன்னால் மரியாதைக்குறைவு, சொல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். “அண்ணை, இந்த மாசக் கணக்கில எனக்கு ஒரு இடம் இடிக்குது, ரெண்டு பேருமா இருந்து பாப்பமா?” என்று கேட்டால் பெரும்பாலும் அவரே கண்டுபிடித்துத் திருத்திவிடுவார். வட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பிறகு அழித்தாலும் ஆரோ ஒருவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்திருப்பார்.