ஊட்டிக் குளிரில் வேர்க்கும் தீயணைப்பு வண்டி

பழைய தீயணைப்பு வண்டி ஒன்றை ஊட்டியில் அருங்காட்சியகம் கட்டி நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். டென்னிஸ், மெர்ரிவெதர் போன்ற இங்கிலாந்து கம்பெனிகள் நூறாண்டுக்கு முன் செய்த ரகம்: சிவப்பு பெயின்ட், பித்தளை மணி, மர ஏணி. நல்ல கூரை போட்டு மழை படாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று தோன்றும். போதாது. கூரைக்குக் கீழேயே அது நனையும்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிக்காலத்து ராத்திரிகளில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும். சில நாள் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும் காற்று சூடாகிவிடும், ஆனால் டன் கணக்கான இரும்பு அத்தனை சீக்கிரம் சூடாகாது. 20 டிகிரி காற்றில் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீராவி தண்ணீராகப் படியும். குளிரிலிருந்து டீக்கடைக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதேதான். சேஸிஸ், எஞ்சின், பம்ப் எல்லாம் வேர்க்கும். பார்வையாளர்கள் கூட்டமாக வந்தால் அவர்கள் விடும் மூச்சும் ஈரத்தைக் கூட்டும்.

ஆகவே 'காற்றோட்டமாக இருக்கட்டும்' என்று காலையிலேயே கதவை விரியத் திறப்பதுதான் பெரிய கெடுதல். ராத்திரியே உள்ளே லேசாகச் சூடு வைத்து, இரும்பு பனிநிலைக்குக் (நீராவி தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே போகாமல் காக்க வேண்டும். பிளாஸ்டிக் தார்ப்பாயும் வேண்டாம். தரையிலிருந்து ஏறும் ஈரம் அதற்குள் மாட்டிக்கொள்ளும். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் பருத்தித் துணி.

சரி, காற்றை ஒரேயடியாக உலர்த்திவிட்டால்? இரும்புக்குக் கொண்டாட்டம், ஏணி வெடித்துவிடும். மரமும் தோல் இருக்கையும் கொஞ்சம் ஈரம் கேட்பவை. 50 சதவீதத்தை ஒட்டி, ஏறாமல் இறங்காமல் வைப்பதுதான் சமரசம்.

பம்புக்குள் வெண்கலமும் இரும்பும் சேர்ந்தே இருக்கும். தண்ணீர் தேங்கினால் அந்த இரண்டும் மின்கலமாகி, இரும்பு வேகமாக அரித்துப்போகும். அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றி, முழுக்கக் காயவிட வேண்டும். அப்புறம் டயர்: வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தாவிட்டால் ஒரே பக்கம் அமுங்கி விரிசல் விடும்.

பித்தளையைத் தினமும் பளபளவென்று தேய்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தேய்க்கத் தேய்க்க உலோகமும் போகிறது. மணியில் பொறித்த எழுத்து மழுங்குகிறது. அம்மோனியா கலந்த பாலிஷ் என்றால் விரிசலே விடலாம். ஒரு முறை சுத்தம் செய்து மெழுகு பூசினால், பல மாதம் அந்தப் பக்கம் போகவே தேவையில்லை.