ஓட்டில் தோற்றவர் ஏன் கட்டுப்பட வேண்டும்?

பிறப்பால் எல்லாரும் சமம். ஒருவர் சம்மதிக்காமல் அவரை ஆள யாருக்கும் உரிமை இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் தத்துவஞானி ஜான் லாக் வைத்த வாதம் இது. உயிர், சுதந்திரம், உடைமை எதையும் அரசு நமக்குத் தரவில்லை. அவற்றைக் காக்கத்தான் மக்கள் கூடி அரசை ஏற்படுத்தினார்கள் என்றார் அவர்.

சரி, அந்த அரசு ஒரு சட்டம் போடுகிறது. நூறு பேரில் நாற்பது பேர் வேண்டாம் என்கிறார்கள். அவர்களுடைய சம்மதம் என்ன ஆயிற்று?

சமூகம் ஓர் உடல் மாதிரி, அதிக விசை இழுக்கும் பக்கம்தான் நகர முடியும், அதில் சேரும்போதே பெரும்பான்மைக்குக் கட்டுப்பட ஒப்புக்கொண்டாகிவிட்டது என்றார் லாக். எனக்கு இது அரைப் பதிலாகத்தான் படுகிறது. விசை அதிகம் என்றால் பலம் அதிகம், அவ்வளவுதான். இன்னொரு தத்துவஞானி ரூசோ 1762-இல் வேறு வழியில் போனார். ஓட்டெடுப்பில் கேட்கப்படுவது உங்கள் ஆசை இல்லை, பொது விருப்பம், அதாவது எல்லாருக்கும் பொதுவான நன்மை, எது என்ற உங்கள் கணிப்பு. தோற்றால் கணிப்பு தப்பு. தோற்றவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார். அறுபது பேர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இந்தக் கேள்வியைக் கணக்காக மாற்றியவர் பிரெஞ்சுக் கணிதர் கொண்டோர்செ. 1785-இல் அவர் வெளியிட்ட நூல் நிகழ்தகவை ஓட்டுப் பெட்டிக்குள் கொண்டுவந்தது. ஒரு கேள்விக்குச் சரி, தப்பு என்று இரண்டே விடைகள். ஒவ்வொருவரும் சரியாகச் சொல்ல 60% வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். தனி ஆளை நம்பினால் 60%. மூன்று பேரின் பெரும்பான்மையை நம்பினால் 64.8%. ஐந்து பேர் என்றால் 68% தாண்டும். 101 பேர் என்றால் ஏறக்குறைய 98%! யாருமே மேதை இல்லை, ஆனாலும் கூட்டம் சரியாகச் சொல்லிவிடுகிறது. தனித்தனித் தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதுதான் காரணம்.

இதே கணக்கு தலைகீழாகவும் ஓடும். ஒவ்வொருவரும் சரியாகச் சொல்ல 40% வாய்ப்புதான் என்றால், 101 பேர் சேர்ந்து சரியாகச் சொல்லும் வாய்ப்பு 2 சதவீதத்துக்குச் சுருங்கிவிடும். இன்னொரு நிபந்தனை, அவரவர் தாமாக யோசித்து ஓட்டுப் போட வேண்டும். நூறு பேரும் ஒரே தலைவரின் வாயைப் பார்த்துக் கை தூக்கினால் கணக்கில் அது ஒரே ஓட்டு. 1792-இல் கொண்டோர்செ பிரெஞ்சுச் சட்டமன்றத்தில் இலவசப் பொதுக் கல்வித் திட்டம் கொண்டுவந்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழுதாகப் புரியும்.

விடைகள் மூன்றானால் வேறொரு வம்பு. முதல் ஆளின் விருப்ப வரிசை அ, ஆ, இ. இரண்டாம் ஆளுக்கு ஆ, இ, அ. மூன்றாம் ஆளுக்கு இ, அ, ஆ. இரண்டிரண்டாக மோதவிட்டால் அ, ஆ-வை 2-1 என வெல்லும். ஆ, இ-யை வெல்லும். இ, அ-வை வெல்லும். மூவரில் யாருக்கும் குழப்பம் இல்லை, கூட்டத்துக்குத்தான் குழப்பம். பெரும்பான்மையின் விருப்பம் எது என்ற கேள்விக்கே இங்கே விடை கிடையாது.

அந்த 101 பேர் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 98% ஆனாலும் 2% தப்பு மிச்சமிருக்கிறதே? அதனால்தான் திருத்த முடியாத தண்டனையான மரண தண்டனையைக் கொண்டோர்செ எதிர்த்தார். 1793-இல் மன்னர் பதினாறாம் லூயியின் விசாரணையில் குற்றவாளி என்று ஓட்டளித்தார், ஆனால் மரண தண்டனைக்கு ஓட்டளிக்கவில்லை.

எந்த ஓட்டெடுப்புக்கும் உட்படாத விஷயங்களும் அவருக்கு இருந்தன. பெண்களுக்குக் குடியுரிமை கேட்டு 1790-இல் எழுதிய கட்டுரையில் அவர் பெரும்பான்மையைத் துணைக்கு அழைக்கவே இல்லை. உணரவும், நியாய அநியாயம் யோசிக்கவும் தெரிந்த உயிர் என்பதால்தான் ஆணுக்கு உரிமை. அந்தத் தகுதி பெண்ணுக்கும் இருக்கிறது. ஆகவே உரிமையும் இருக்கிறது. கர்ப்பம் தரிப்பவர்களுக்கு எப்படி ஓட்டு என்று கேட்டவர்களிடம், குளிர்காலம் தோறும் மூட்டு வலியில் படுக்கும் ஆண்களுக்கு ஓட்டு இருக்கிறதே என்றார். பிரான்சின் சட்டம் அந்த வாதத்தை ஏற்றது 1944-இல்.