கொத்தாகக் கொட்டுவது ஒன்று, மெலிந்து போவது வேறொன்று

போன மாதம் ஒரு பெண், கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளே சுருட்டி வைத்த முடி. நாலு நாளாகச் சீப்பில் வந்தது, தலையணையில் கிடந்தது, குளியலறை ஜல்லடையில் அடைத்தது எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறார். "வேரோட வருது டாக்டர், பாருங்க" என்று ஒரு முடியைப் பிரித்துக் காட்டினார். அதன் அடியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி.

அந்தப் புள்ளியைப் பார்த்துத் தூக்கம் கெட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அது வேர் இல்லை. வளர்ந்து முடித்து ஓய்வுக்குப் போன முடியின் அடி அப்படித்தான் சின்னக் குமிழாக வெளுத்திருக்கும். வேர்ப்பை தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது, அடுத்த முடி அங்கிருந்துதான் வரப்போகிறது.

"மூணு மாசத்துக்கு முன்னாடி உடம்புக்கு ஏதாவது வந்துச்சாம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததைச் சொன்னார். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. புது ஷாம்பு, வீடு மாறியதில் கிடைத்த போர் தண்ணீர், இந்த இரண்டின் மேல்தான் சந்தேகம். உப்புத் தண்ணீரில் முடி வறண்டு நடுவில் உடையும், சிக்கு விழும், அது உண்மைதான். ஆனால் தோலுக்குள் இருக்கிற வேர்ப்பையை அது ஒன்றும் செய்வதில்லை.

நம் தலையில் சுமார் 1 லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் கணக்குக்கு 2 முதல் 6 வருடம் வளரும், அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, சுமார் 3 மாதம் ஓய்வில் இருந்துவிட்டு உதிரும். ஆளுக்கொரு நேரத்தில் இது நடப்பதால்தான் தலை காலியாவதில்லை. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி போவது இயல்பு. வாரத்துக்கு இரண்டு தடவை தலைக்குக் குளிக்கிறவர்களுக்குக் குளிக்கிற அன்று மொத்தமாக வரும். கடும் காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், பட்டினி கிடந்து எடை குறைத்தல் என்று உடம்பு ஒரு அடி வாங்கினால், வளர்ந்துகொண்டிருந்த முடியில் கணிசமான பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அது உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்து. அதற்குள் காய்ச்சலை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று பாட்டிமார் சொல்வார்கள் இல்லையா, அந்தக் காலக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் உதிர வேண்டிய முடியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரசவத்தோடு அந்தப் பிடி விட்டுப்போகும், மூன்றாவது நாலாவது மாதத்தில் மொத்தமாகக் கொட்டும். குழந்தையின் சிரிப்புக்கு இதில் பங்கில்லை, பாவம். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும். நெற்றி ஓரத்தில் படியாமல் குத்திட்டு நிற்கும் குட்டி முடிகளைக் கண்டு எரிச்சல் வேண்டாம், அவைதான் திரும்பி வருகிற முடி.

ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் தேட வேண்டும். தைராய்டு, ஹீமோகுளோபின், அதோடு ஃபெரிட்டின். மாதவிடாய் அதிகமாகப் போகிற பெண்களுக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பயோட்டின் மாத்திரையை மட்டும் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் பெரிய பயன் கிடையாது, தைராய்டு பரிசோதனை முடிவையும் அது தவறாகக் காட்டவைக்கும்.

சரி, அந்தப் பெண்ணுக்கு முடி திரும்பி வந்துவிடும், அவரைப் பற்றி நான் கவலைப்படவில்லை. எனக்குக் கவலை தந்தது துணைக்கு வந்திருந்த தம்பி. 24 வயது, தலையில் தொப்பி. கழற்றச் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் கொட்டலையே டாக்டர்" என்றார். கொட்டவில்லைதான். நெற்றியின் இரண்டு பக்கமும் ஏறியிருந்தது, உச்சியில் விளக்கு வெளிச்சம் தோலில் பட்டுத் திரும்பியது. லென்ஸை உச்சியில் வைத்துத் திரையில் காட்டினேன்: ஒரு தடித்த முடி, பக்கத்தில் அதில் பாதி கனத்தில் ஒன்று, அதற்கும் பக்கத்தில் பூனைமுடி போல ஒன்று. பின்னந்தலையில் வைத்தால் எல்லாம் ஒரே கனம். அந்தப் பையன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதுதான் பரம்பரை வழுக்கை. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டிஎச்டி என்ற ஹார்மோனுக்கு, பரம்பரையாகக் கூச்சம் உள்ள வேர்ப்பைகள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். கொத்தாக எதுவும் கையில் வராததால் யாரும் பயப்படுவதில்லை. தாய்மாமன் வழியில் மட்டும்தான் வரும் என்பார்கள். அப்பா வழியிலும் வரும். ஹெல்மெட்டால் வராது, தயவுசெய்து அதைக் கழற்றி வைத்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்.

பெண்களுக்கும் இது உண்டு, கோலம் மட்டும் வேறு. முன்நெற்றிக் கோடு பெரும்பாலும் அப்படியே இருக்கும், நடு வகிடு அகலமாகிக்கொண்டே போகும், ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுக்குப் பதில் மூன்று சுற்ற வேண்டியிருக்கும். கூடவே மாதவிடாய் தள்ளிப்போவது, தாடையில் முடி, அடங்காத பரு இருந்தால் நீர்க்கட்டி எனப்படும் பிசிஓஎஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மருந்து இருக்கிறது. மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள், 1988-ல் அமெரிக்காவில் வழுக்கைக்கு அனுமதி கிடைத்தது. தடவ ஆரம்பித்த முதல் சில வாரங்களில் முடி அதிகம் உதிரலாம். பழைய முடி புதியதற்கு வழிவிடுகிறது, ஆனால் இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால் பலர் அங்கேயே பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும், நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும். கர்ப்பிணிகள் தடவக் கூடாது. ஆண்களுக்கு ஃபினாஸ்டிரைடு மாத்திரை டிஎச்டியைக் குறைக்கும். சிலருக்குப் பாலுணர்வு குறைவது, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் வரலாம். அதை வெளிப்படையாகப் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், நண்பர் சீட்டைக் காட்டி வாங்குகிற மாத்திரை இல்லை அது. சுருங்கிய வேர்ப்பையைக் கொஞ்சம் மீட்கலாம், முழுவதும் போனதை மருந்தால் மீட்க முடியாது. அதனால்தான் 24 வயதில் வந்தால் எங்களால் செய்ய முடிகிறதை 40 வயதில் வந்தால் செய்ய முடிவதில்லை.

புழுவெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நாணயம் அளவில் வழவழவென்று முடி போகும் அதற்கும் புழுவுக்கும் சம்பந்தம் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேர்ப்பையைத் தாக்குவது அது. சின்ன வட்டங்கள் பல நேரம் தானாகவே மூடிக்கொள்ளும், பெயர் மட்டும் மேலே தேய்த்த சின்ன வெங்காயத்துக்குப் போய்விடும். பூண்டை அரைத்துத் தேய்த்துக் கொப்புளத்தோடு வந்த பள்ளிக் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. அதேபோல மொட்டை அடித்தால் அடர்த்தி கூடாது. வெட்டின முனை மழுங்கி இருப்பதால் அப்படித் தோன்றுகிறது.

காத்திருக்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: முடி போன இடத்தில் எரிச்சல், வலி, செதில், சீழ் இருந்தாலோ, தோல் தழும்பு மாதிரிப் பளபளத்தாலோ அந்த வாரமே காட்டுங்கள். அங்கே வேர்ப்பையே அழிந்துகொண்டிருக்கலாம்.

வரும்போது முடியைக் கவரில் கொண்டுவர வேண்டாம். இரண்டு மூன்று வருடத்துக்கு முன் எடுத்த, உச்சியோ வகிடோ தெரிகிற போட்டோ ஒன்று, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, கடந்த ஆறு மாதத்தில் உடம்புக்கு வந்தது போனது என்ன என்ற கணக்கு, இவை போதும். அன்றைக்கு மட்டும் எண்ணெய் வைக்காமல் வாருங்கள், லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் ஒன்றும் தெரிவதில்லை.