லேபிளோடு நிற்காதீர்கள், பில்லையும் வாங்கிப் பாருங்கள்

மரம் முறையாக வெட்டியதுதானா என்று அறிய, மேசைக்கு அடியில் எஃப்எஸ்சி (பொறுப்பாகப் பராமரிக்கும் காடுகளுக்குச் சான்று தரும் சர்வதேச அமைப்பு) முத்திரை இருக்கிறதே, போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. முத்திரையை யாரும் அச்சடித்து ஒட்டிவிடலாம். அதிலுள்ள உரிம எண்ணைப் பாருங்கள்: சி என்ற எழுத்தும் அதையடுத்து ஆறு இலக்கங்களும் இருக்கும். எஃப்எஸ்சியின் இணையத் தேடலில் அதைக் கொடுத்தால், உரிமம் யாருடையது, இன்னும் செல்லுமா, எந்தப் பொருள்களுக்கு என்பதெல்லாம் வரும். கடைசி விவரத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காகிதத்துக்கு வாங்கிய உரிமம் கதவுக்குச் செல்லாது.

பலகையாக, மொத்தமாக வாங்கினால் பில்தான் சாட்சி. சான்றுள்ள வியாபாரி தன் சான்றிதழ் எண்ணையும், 'எஃப்எஸ்சி 100%' அல்லது 'மிக்ஸ்' (கலவை) போன்ற குறிப்பையும் பில்லில் எழுதியாக வேண்டும். இடையில் ஒருவர் சான்றில்லாமல் கைமாற்றினாலும் காட்டிலிருந்து தொடர்ந்து வரும் சான்றுச் சங்கிலி அறுந்துவிடும்; அதன்பின் வரும் பில்லில் அந்தக் குறிப்பு எழுத முடியாது. லேபிள் ஒட்டிவந்த பொருளை அப்படியே விற்கும் சில்லறைக் கடைக்கு மட்டும் இந்தச் சான்று தேவையில்லை.

அடுத்த ஓட்டை, மரத்தின் பெயர். 'ஆப்பிரிக்கத் தேக்கு' என்று இரோக்கோவையும் விற்கிறார்கள், அஃப்ரோர்மோசியாவையும் விற்கிறார்கள். இரண்டுமே தேக்கு இல்லை. அஃப்ரோர்மோசியா 1992 முதல், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதி அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. 'பிலிப்பைன் மகோகனி' என்பதும் மகோகனி அல்ல, ஷோரியா என்ற வேறு மர வகை. அதனால் தாவரவியல் பெயரை எழுதிக் கேளுங்கள். ரோஸ்வுட் என்றால் அது சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுதும் 2017 முதல் சைட்டிஸ் கட்டுப்பாட்டில் இருப்பதை நினைவில் வையுங்கள். பிரேசில் ரோஸ்வுட் மட்டும் இன்னும் கடுமையான முதல் பட்டியலில்.

'எங்கே செய்தது?' என்று கேட்டால் தொழிற்சாலை இருக்கும் நாட்டைச் சொல்வார்கள். வெட்டிய நாடு வேறாக இருக்கலாம். அதைத்தான் கேட்க வேண்டும்.

ஆக மோசமாக ஏமாறுவது பிளைவுட்டில். மேல்முகத்தில் ஒட்டுவது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட வராத வெனீர் என்ற மெல்லிய மரத்தாள். உள்ளே இரண்டு மூன்று வகை மரங்கள் இருக்கலாம், வெவ்வேறு காடுகளிலிருந்து வந்திருக்கலாம். மேல்முகத்துக்கு மட்டும் ஆவணம் காட்டினால் அது பலகையின் சிறு பங்குக்கே கணக்கு. நடு அடுக்குக்கும் மரத்தின் பெயர், வெட்டிய நாடு இரண்டையும் கேளுங்கள்.

பழைய மரம் என்றால் யாரும் ஆவணம் கேட்பதில்லை. புதிதாக வெட்டியதை அந்தப் பெயரில் தள்ளிவிடவும் வழி இருக்கிறது. ஆணித்துளை, பழைய இணைப்பு வெட்டு, துளையைச் சுற்றிய துருக்கறை இருக்கிறதா பாருங்கள். எந்தக் கட்டடத்தைப் பிரித்து எடுத்தது என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.