வாலட்டை அழிக்கும் முன் பர்த்டேயைக் குறித்துக்கொள்ளுங்கள்

மறுபடியும் அதே புகார். "பிட்காயின் அனுப்பியாச்சு என்கிறார்கள், வாலட்டில் காட்டவில்லை. ஆப்பை அழித்துவிட்டு, பன்னிரண்டு மீட்பு வார்த்தைகளைப் போட்டு ரீஸ்டோர் கொடுத்தேன். விடிவதற்குள் டேட்டா தீர்ந்துவிட்டது. பணம் இன்னும் வரவில்லை."

லைட் வாலட், அதாவது பிட்காயினின் முழுப் பதிவையும் இறக்காமல் போனில் இயங்கும் ஆப், உருவாக்கும் குழுவில் வேலை செய்கிறேன். இந்தப் புகார் வராத வாரம் இல்லை. பணம் அநேகமாகப் பத்திரமாகவே இருக்கும். ஆனால் வாலட்டின் பர்த்டேயை, அதாவது அதை உருவாக்கிய தேதியை, கொடுத்திருந்தால் அந்த டேட்டாவும் அந்த ராத்திரித் தூக்கமும் வீணாகப் போயிருக்கவே வேண்டாம்.

எல்லாக் குழப்பமும் ஒரே இடத்தில் தொடங்குகிறது. "ஃபில்டர் என்றால், எனக்கு வேண்டியதை மட்டும் சர்வர் வடிகட்டி அனுப்பும், அதனால்தான் டேட்டா மிச்சம்" என்று பலரும் நம்புகிறார்கள். இல்லவே இல்லை. வடிகட்டுவது உங்கள் போன். சர்வர் நீங்கள் யாரென்று பார்ப்பதில்லை, ஒவ்வொரு பிளாக்குக்கும் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு), அதிலுள்ள முகவரிகளின் சுருக்கமான ஒரே ஃபில்டரைத்தான் கேட்கிற எல்லோருக்கும் கொடுக்கிறது. முன்பெல்லாம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் பேப்பரில் வரும். மொத்த எண்களும் அச்சாகியிருக்கும், அவரவர் வீட்டில் உட்கார்ந்து தன் எண்ணைத் தேடிக்கொள்வார்கள். யார் எந்த எண்ணைத் தேடினார்கள் என்று பேப்பர்காரருக்குத் தெரியாது. இங்கேயும் அதேதான் நடக்கிறது.

நீங்கள் நினைக்கிற முறையும் ஒரு காலத்தில் இருந்தது. 2012-இல் வந்த பிப் 37-இல் (பிப் என்பது பிட்காயின் மேம்பாட்டுக்கான முன்மொழிவு), போன் தன் முகவரிகளை ஒரு ப்ளூம் ஃபில்டராக, அதாவது முகவரிகளை நேரடியாகக் காட்டாத சுருக்கமாக, ஆக்கி சர்வருக்கு அனுப்பும். சர்வர் பொருந்துவதை மட்டும் திருப்பிக் கொடுக்கும். டேட்டா உண்மையிலேயே மிகக் குறைவு. ஆனால் அந்த ஃபில்டரை வைத்தே உங்கள் முகவரிகளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 2014-இல் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். பிட்காயினின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோரில், 2019-இல் வந்த 0.19 பதிப்பு முதல் அந்த வசதி தானாக இயங்குவதில்லை. ஒலாஒலுவா ஒசுன்டோகுன், அலெக்ஸ் அக்செல்ராட், ஜிம் போசன் ஆகியோர் எழுதிய பிப் 157, 158 முறை இதைத் தலைகீழாக்கியது: ஃபில்டரைச் சர்வர் தரும், தேடுவது போன்.   

ஆக, மிச்சம் என்பது முழு நோட்டோடு, அதாவது எல்லா பிளாக்குகளும் அடங்கிய முழுச் சங்கிலியையும் இறக்கிச் சரிபார்க்கும் கணினியோடு, ஒப்பிட்டால்தான். முழுச் சங்கிலி 600 ஜிபிக்கு மேல். ஃபில்டரில் ஒரு பதிவுக்குச் சுமார் 21 பிட்தான் ஆகிறது. அதனால் இன்றைய ஒரு பிளாக்கின் ஃபில்டர் தோராயமாக 20 கேபி. நாளுக்கு 144 பிளாக், சுமார் 3 எம்பி. அன்றாடம் இது ஒன்றுமே இல்லை. ஆனால் பிட்காயின் தொடங்கிய 2009 ஜனவரியிலிருந்து மொத்தமாக இறக்கினால் ஃபில்டர்கள் மட்டுமே 10 ஜிபிக்கு மேல் போகும். தினம் 2 ஜிபி பேக் போட்டிருக்கிற போனில் அதைத் தொடங்கினால் என்ன ஆகும்?

எங்கிருந்து தேட வேண்டும் என்று வாலட்டுக்குச் சொல்வதுதான் பர்த்டே, அதாவது வாலட்டை முதன்முதலில் உருவாக்கிய தேதி அல்லது அன்றைய பிளாக் எண். அதை வார்த்தைகளுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். எல்என்டி என்ற லைட்னிங் மென்பொருள் தரும் 24 வார்த்தைகளுக்குள் பர்த்டேயும் பொதிந்திருக்கும். மற்ற வாலட்டுகள் பெரும்பாலும் பிப் 39 முறையில் தரும் வார்த்தைகளில் தேதி கிடையாது. பர்த்டேயை எங்களிடம் தாராளமாகச் சொல்லலாம். வார்த்தைகளை எங்களிடமும் சொல்லாதீர்கள், கேட்பவர் யாராக இருந்தாலும்.

தேதி மறந்துவிட்டதா? உங்கள் முகவரியைப் பாருங்கள். எல்லா முகவரிகளும் 'பிசி1க்யூ' (bc1q) என்று தொடங்கினால் 2017 ஆகஸ்டுக்கு முன்னால் தேட வேண்டாம். அந்த முகவரிகளுக்கு வழிசெய்த செக்விட் மாற்றம் 4,81,824-ஆம் பிளாக்கில்தான் வந்தது. எல்லாமே 'பிசி1பி' (bc1p) என்றால் அது டேப்ரூட் என்ற பிந்தைய மாற்றம், 2021 நவம்பர், 7,09,632-ஆம் பிளாக். சரியான நாள் தெரியாவிட்டால் ஒரு மாதம் முந்தைய தேதியைப் போடுங்கள். பிந்தைய தேதியைப் போட்டுவிட்டால் பழைய வரவு கண்ணில் படாது.

அப்புறம் இந்த கேப் லிமிட், அதாவது பயன்படாத முகவரிகளைத் தொடர்ச்சியாக எத்தனை வரை வாலட் தேட வேண்டும் என்ற எண். எங்கோ படித்துவிட்டு இருபதை ஆயிரமாக மாற்றி வைக்கிறார்கள். ஃபில்டர் சில சமயம் தவறாகத் 'பொருந்துகிறது' என்று சொல்லும். ஒரு முகவரிக்கு, ஒரு பிளாக்கில், 7,84,931-இல் ஒரு வாய்ப்பு. அப்படிச் சொன்னால் போன் அந்த பிளாக்கை முழுதாக இறக்கிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடும். யாருடைய பணமும் உங்கள் கணக்கில் வந்துவிடாது, பயப்படாதீர்கள். ஆனால் ஆயிரம் முகவரிகளைத் தேடினால் ஏறக்குறைய 785 பிளாக்குக்கு ஒரு வெட்டி இறக்கம். 2017-லிருந்து ஸ்கேன் செய்தால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிளாக்குகள், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு எம்பி. காரணமில்லாமல் அந்த எண்ணைத் தொடாதீர்கள்.

பணம் காட்டவில்லை என்ற மூலப் புகாருக்கு வருகிறேன். பிளாக்கில் ஏறிய பிறகுதான் ஃபில்டரில் இருக்கும். காத்திருக்கும் பரிவர்த்தனையை ஃபில்டர் காட்டாது. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்றாலும் சில நேரம் ஒரு மணி நேரம்கூட ஆகும். கட்டணம் குறைவாக வைத்து அனுப்பியிருந்தால் இன்னும் இழுக்கும். அனுப்பியவரிடம் பரிவர்த்தனை எண்ணைக் கேளுங்கள், பிளாக்கில் ஏறியதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆப்பை அழிக்காதீர்கள். அழித்தால் இதுவரை இறக்கி வைத்ததெல்லாம் போய், முதலிலிருந்து தொடங்கும். ரீஸ்டோர் செய்தே ஆக வேண்டுமென்றால் வைஃபையில், சார்ஜரில் போட்டுச் செய்யுங்கள்.

வேகமாக இருக்கிறது என்று யாரோ கொடுத்த ஒரே நோட்டோடு மட்டும் வாலட்டை இணைத்து வைப்பதும் வேண்டாம். ஃபில்டர் சரியா என்பதற்கு பிளாக்குக்குள் சான்று எதுவும் இல்லை. பல பியர்களிடம் (வாலட்டோடு இணைந்திருக்கும் நோட்டுகள்) ஃபில்டர் ஹெட்டர்களை, அதாவது ஃபில்டர்களின் சுருக்க அடையாளங்களை, வாங்கி ஒப்பிட்டு, முரண்பட்டால் பிளாக்கையே இறக்கிச் சரிபார்ப்பதுதான் வாலட்டின் காவல். ஒரே பியர் என்றால் ஒப்பிட ஆள் இல்லை. அவர் உங்கள் வரவை மறைத்தால் தெரியவே தெரியாது. உங்கள் சொந்த நோட் என்றால் கவலையில்லை.

வீட்டில் முழு நோட் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிட்காயின் கோரில் ஃபில்டர் இண்டெக்ஸ், அதைப் பியர்களுக்குக் கொடுக்கும் வசதி இரண்டும் தாமாக இயங்காது. இரண்டையும் இயக்கி வையுங்கள். டிஸ்க்கில் பத்துப் பதினைந்து ஜிபி போகும். ஃபில்டர் தருகிற நோட் கிடைக்காமல் லைட் வாலட்டுகள் திணறுவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.