‘ஏழரை நடக்குது’ என்று ஒருவர் சொன்னால்: ஆலோசனை அறையில் ஜாதகம்

மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் தங்கள் துயரத்தை முதலில் ஜாதக மொழியில்தான் சொல்கிறார்கள். "ஏழரை நடக்குது", "ராகு திசை, மனசு எதுலயும் நிக்கல", "நான் மூலம், போற இடம் விளங்காது." இதை மூடநம்பிக்கை என்று ஆலோசகர் தட்டிவிட்டால், வந்தவர் வாயை மூடிக்கொள்வார். ஆலோசகரே கட்டத்தை விரித்துப் பலன் சொல்ல ஆரம்பித்தால் அது சிகிச்சையே அல்ல. செய்ய வேண்டியது வேறு: அந்தச் சனியும் ராகுவும் இவர் மனதில் என்னவாக இருக்கிறார்கள் என்று கேட்பது.

உளவியலாளர் கார்ல் யுங் 1911இலேயே, மாலை நேரங்களை ஜோதிடத்தில் செலவிடுவதாக ஃபிராய்டுக்கு எழுதினார். மேற்கே அவர் சிந்தனையை ஒட்டி வளர்ந்த உளவியல் ஜோதிடத்தில் ஆலோசகரே கட்டத்தை விளக்குவதும் உண்டு. நம் ஊரில் அது கூடவே கூடாது. இங்கே கட்டத்தைக் கையில் எடுப்பவர் வாக்குச் சொல்பவராகிவிடுகிறார். சொன்னது பலித்துவிடும் என்று அஞ்சுகிறவரால் அவரை மறுத்துப் பேச முடியாது. மறுக்க முடியாத இடத்தில் மனம் திறக்காது.

ஆதாரம் பற்றியும் ஆலோசகருக்குத் தெளிவு வேண்டும். 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரே குணவிவரத்தை, தனித்தனியே எழுதியது போலக் கொடுத்தார். அதன் வரிகள் பெரும்பாலும் கடையில் கிடைத்த ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. ‘எனக்குப் பொருந்துகிறது’ என்று அவர்கள் தந்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. 1985இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஷான் கார்ல்சனின் சோதனையில், ஒரு கட்டத்துக்கு உரியவரின் ஆளுமை அறிக்கையை மூன்றிலிருந்து கண்டுபிடிக்கச் சொன்னபோது, ஜோதிடர்களின் விடைகள் குருட்டாம்போக்கைத் தாண்டவில்லை. ஆகவே "அப்படியே என்னைச் சொன்ன மாதிரி இருக்கு" என்பது கட்டத்துக்குச் சான்று ஆகாது. ஆனால், எல்லோருக்கும் பொருந்தும் பத்து வரிகளில் இவர் எந்த வரியைப் பிடித்துக்கொண்டார் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

ஏழரையையே எடுத்துக்கொள்வோம். சனி ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டரை ஆண்டு தங்குகிறது. சந்திர ராசிக்கு முந்தையது, அதே ராசி, அடுத்தது என மூன்றும் சேர்ந்து ஏழரை. எந்த நேரத்திலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்காரர்களுக்கு அது நடந்துகொண்டே இருக்கும். இதைச் சொல்லி வாதாட வேண்டாம். துயரம் கணக்குக்குக் கட்டுப்படாது. "சனி ஒரு ஆளாக வந்தால் யார் மாதிரி இருப்பார்?" என்று கேளுங்கள். கண்டிப்பான அப்பா, வட்டிக்காரர், வேலையில் மேலதிகாரி என்று முகங்கள் வரும். பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. "சனியைப் போலக் கொடுப்பாரும் இல்லை, கெடுப்பாரும் இல்லை" என்பது அவரே கேட்டு வளர்ந்த சொல். அதன் முதல் பாதியை அவர் எங்கே தொலைத்தார் என்றும் கேட்கலாம்.

திசைகளை வைத்து வாழ்க்கைக் கோடு வரைவதும் பயன் தரும், வரிசை முக்கியம். முதலில் ஒரு தாளில் நடந்தவற்றை மட்டும் வயதோடு குறிக்கச் சொல்லுங்கள். திசைகளை அதன் கீழே, பிறகுதான் எழுத வேண்டும். சுக்கிர திசை 20 ஆண்டு, ராகு 18, சனி 19 என்று முதலிலேயே எழுதிவிட்டால், நினைவு அதற்கு ஏற்ற சம்பவங்களை மட்டுமே பொறுக்கிக் கொடுக்கும். ராகுவில் நடந்த நல்லது ஒன்று, சுக்கிரனில் நடந்த இழப்பு ஒன்று என்று பொருந்தாதவற்றையும் கேட்டு எழுதுங்கள். ஐம்பது நிமிட அமர்வில் இதற்கு இருபது நிமிடம் போதும்.

‘பெண் மூலம் நிர்மூலம்’ என்பதைக் கேட்டே வளர்ந்த பெண்களிடம் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். முதலில் யார் சொன்னார்கள், அப்போது என்ன வயது, வீட்டில் யாராவது மறுத்துப் பேசினார்களா? பெரும்பாலும் அவர்கள் சுமப்பது நட்சத்திரத்தை அல்ல, வரன் தட்டிப்போகும்போதெல்லாம் வீட்டார் முகத்தில் கண்ட ஏமாற்றத்தை. அதனால் உள்ளே சேர்ந்த கோபத்துக்கு இடம் கொடுங்கள்.

சிலரிடம் இந்த வழி கூடவே கூடாது. ஒரே கேள்வியை ஜோசியர் மாற்றி ஜோசியரிடம் கேட்பவருக்கு எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) இருக்கலாம். ஜாதகப் பேச்சு அவருக்கு இன்னொரு உறுதி தேடலாகி நோயை வளர்க்கும். கிரகம் காதில் பேசுகிறது, ஆணையிடுகிறது என்பவரை உடனே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ‘இந்தத் திசையில் கண்டம்’ என்று கேட்டு வந்தவரிடம், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ அன்றே கொடுங்கள்.

பரிகாரத்தைத் தடுக்க வேண்டியதில்லை, கடன் வாங்கிச் செய்யும் ஹோமத்தைத் தவிர. ‘பெயர்ச்சி முடியட்டும், தானா சரியாகும்’ என்று மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. மனச்சோர்வு மருந்து நன்றாக வேலை செய்யப் பல வாரங்கள் ஆகலாம். மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்தினால் நோய் திரும்பலாம். திருநள்ளாறு போகிறவரிடம் போய்வரச் சொல்லுங்கள்; எத்தனை நாள் பயணம் என்று கேட்டு, அத்தனை நாளுக்கான மாத்திரையும் பையில் இருக்கிறதா என்று பாருங்கள்.